அவில் போட்டாச்சு, கவலைப்படாதீங்க!

இதைப் படித்துவிட்டு என் பேட்ச் மக்கள் நாலு பேராவது "வந்துட்டாங்கய்யா பெரிய புரொஃபசர்" என்று ஆரம்பிப்பார்கள். ஆரம்பிக்கட்டும். போன மாதம் வரை நானும் உங்க கட்சிதான். கட்சி மாறியதற்குக் காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

மருத்துவம் படிக்காதவர்களும் இந்தப் பக்கம் வருவதால் முதலில் ஒரு சின்ன அறிமுகம். அவில் என்பது ஃபெனிரமின் என்ற மருந்தின் கடைப்பெயர். ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்து, அதாவது ஆன்டிஹிஸ்டமின். 2 மில்லி ஆம்ப்யூலில் 45.5 மில்லிகிராம் இருக்கும். நம்மூரில் எந்த கேஷுவாலிட்டிக்குள் நுழைந்தாலும், அரசு மருத்துவமனையோ தெருமுனை கிளினிக்கோ, அந்த ஆம்ப்யூல் இல்லாத டிரே கிடையாது. உடம்பு தடித்தால் அவில். பூச்சி கடித்தால் அவில். ரத்தம் ஏற்றும் முன்பு அவில். பாம்புக்கடி விஷமுறிவு மருந்து ஏற்றும் முன்பும் அவில். சளி பிடித்துத் தூக்கம் வராமல் வந்தவருக்குக்கூட அவில் போட்டு அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். கூடவே டெக்சா அல்லது எஃப்கார்லின் என்று ஒரு ஸ்டீராய்டு. "ஒரு அவில், ஒரு டெக்சா" என்று நாம் சொல்வதும், ஹோட்டலில் "ஒரு செட் இட்லி, ஒரு வடை" என்று சொல்வதும் ஒரே ராகம். யோசித்துச் சொல்வதில்லை, வாய் தானாகச் சொல்கிறது.

என் சண்டை இந்த ராகத்தோடுதான். உயிர் போகிற அலர்ஜிக்கு, அதாவது அனாஃபிலாக்சிஸுக்கு, முதல் ஊசி அட்ரினலின். இரண்டாவது ஊசி தேவைப்பட்டால் அதுவும் அட்ரினலின். அவில் அந்த வரிசையிலேயே இல்லை. இது எல்லோருக்கும் தெரியும். தேர்வில் கேட்டால் எல்லோரும் சரியாக எழுதி மார்க் வாங்கிவிடுவோம். கேஷுவாலிட்டியில் கை மட்டும் வேறு ஆம்ப்யூலுக்குப் போகும்.

என் கையும் போனது.

ராத்திரி டியூட்டி. நான் ஹவுஸ் சர்ஜன். (ஊர், வயது எல்லாம் மாற்றித்தான் எழுதுகிறேன்.) நாற்பது சொச்சம் வயது விவசாயி ஒருவர், சாயந்திரம் இருட்டுகிற நேரத்தில் தென்னையில் மட்டை இழுக்கப்போய் கதண்டு கொட்டிவிட்டது. பத்திரிகைக்காரர்கள் விஷவண்டு என்று எழுதுவார்களே, அதுதான். கழுத்திலும் முதுகிலும் ஏழெட்டு இடத்தில் கொட்டு. நடந்துதான் வந்தார். உடம்பெல்லாம் சிவந்து வட்டம் வட்டமாகத் தடிப்பு. வாசலில் ஒரு முறை வாந்தி எடுத்தார். "வயித்தைப் புரட்டுது தம்பி, தலை கிறுகிறுங்குது" என்றார். நான் தடிப்பை மட்டும் பார்த்தேன். கண்ணுக்கு அதுதானே பளிச்சென்று தெரிகிறது.

சிஸ்டர் கேட்டார்: "சார், அட்ரினலின் எடுத்து வைக்கவா?"

நான் சொன்னது அப்படியே: "வேணாம் சிஸ்டர், நடந்துதானே வந்தார். அவில், எஃப்கார்லின் போடுங்க."

பி.பி. பார்க்கவில்லை. இதை எழுதும்போதும் கை கூசுகிறது, ஆனால் பார்க்கவில்லை என்பதுதான் உண்மை. ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் கையிலிருந்த தடிப்பு வெளுக்க ஆரம்பித்தது. "அரிப்பு தேவலை" என்றார் அவர். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது, சிறுநீர் கழிக்க வேண்டும் என்று எழுந்து உட்கார்ந்தவர் அப்படியே பக்கவாட்டில் சரிந்தார். மேல் பி.பி. 60. கையெல்லாம் ஜில்லென்று வேர்த்திருந்தது.

பி.ஜி. அண்ணா ஓடி வந்தார். தொடையில் அரை மில்லி அட்ரினலின், காலைத் தூக்கி வைத்து, இரண்டு கையிலும் டிரிப்ஸ், ஆக்சிஜன். ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு அரை மில்லி. கால் மணி நேரத்தில் அந்த மனிதர் கண்ணைத் திறந்து "என்னாச்சுங்க?" என்றார். அண்ணா என்னைத் திட்டவில்லை. கையைக் கழுவிக்கொண்டே ஒன்று மட்டும் கேட்டார்: "வாந்தி எடுத்தார்னு நீயே எழுதியிருக்கே. அது தோல் வியாதியா?"

தடிப்பு வெளுத்ததற்குக் காரணம் அவில்தானா, இல்லை தோலுக்கே ரத்தம் போகாமல் நின்றதா என்பது இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. ஷாக்கில் இருப்பவருக்குத் தோலில் ஒன்றும் தெரியாமலே இருக்கலாம், பி.பி. ஏறிய பிறகு தடிப்பு கிளம்பலாம் என்று பின்னால்தான் படித்தேன். பத்து முதல் இருபது சதவீத அனாஃபிலாக்சிஸில் தோல் அறிகுறியே இருக்காது. "அரிப்பு இல்லையே, அப்போ அலர்ஜி இல்லை" என்று சொல்லும் புத்திசாலிகள் இதைக் குறித்துக்கொள்ளவும்.

சரி, அவில் ஏன் அந்த இடத்தில் உதவாது? மாஸ்ட் செல் வெடிக்கும்போது வெளியே வருவது ஹிஸ்டமின் மட்டுமில்லை. லூகோட்ரையீன், புராஸ்டகிளாண்டின், டிரிப்டேஸ், பிளேட்லெட் ஆக்டிவேட்டிங் ஃபேக்டர் என்று ஒரு ஊர்வலமே வருகிறது. அவில் அந்த ஊர்வலத்தில் ஒரே ஒரு ஆளை, அதுவும் அவர் போய் உட்கார வேண்டிய நாற்காலிகளில் ஒரு வகையை (எச்1 ஏற்பி) மட்டும், மறிக்கிறது. ஏற்கனவே விரிந்துவிட்ட ரத்தக்குழாயைச் சுருக்காது. இறுகிய மூச்சுக்குழாயைத் திறக்காது. தொண்டை வீக்கத்தை இறக்காது. மாஸ்ட் செல் மேலும் வெடிப்பதை நிறுத்தாது. அரிப்பைக் குறைக்கும், அவ்வளவுதான். அரிப்பினால் யாரும் செத்ததில்லை.

அட்ரினலின் இந்த நான்கையும் செய்கிறது. ஆல்ஃபா ஏற்பி வழியாகக் குழாயைச் சுருக்கி பி.பி.யைத் தூக்குகிறது, வீக்கத்தை வடிக்கிறது. பீட்டா வழியாக இதயத்தை வேகப்படுத்துகிறது, மூச்சுக்குழாயை விரிக்கிறது, மாஸ்ட் செல்லையும் அடக்குகிறது. கடுமையான அனாஃபிலாக்சிஸில் பத்து நிமிடத்துக்குள் ரத்தக்குழாய்க்குள் இருக்கும் திரவத்தில் மூன்றில் ஒரு பங்கு வெளியே கசிந்துவிடலாம். அப்படி ஓட்டை விழுந்த குடத்துக்கு முன்னால் நின்றுகொண்டு "அரிப்பு எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன் நான். ஸ்டீராய்டைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். அது வேலை செய்ய மணிக்கணக்காகும், இப்போதைக்கு இது போதும்.

கொஞ்சம் சரித்திரம். (போரடித்தால் அடுத்த பத்திக்குத் தாவுங்கள்.) அனாஃபிலாக்சிஸ் என்ற பெயரை 1902-ல் வைத்தவர்கள் பிரான்சின் சார்ல் ரிஷேவும் பால் போர்ட்டியேவும். மொனாக்கோ இளவரசரின் கப்பலில் கடல் உயிரிகளின் விஷத்தை ஆராயப்போய், பிறகு நாய்களுக்கு அந்த விஷத்தைப் பழக்கி எதிர்ப்புசக்தி வரவைக்க நினைத்தார்கள். இரண்டாம் முறை கொஞ்சமாகக் கொடுத்ததிலேயே நாய் சில நிமிடங்களில் செத்துப்போனது. ரிஷேவுக்கு 1913-ல் நோபல். முதல் ஆன்டிஹிஸ்டமின் வந்தது 1937-ல், பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் டேனியல் போவே, ஆன்-மரி ஸ்டோப் இருவரின் வேலை. போவேவுக்கு 1957-ல் நோபல். வந்த புதிதில் "ஹிஸ்டமின்தான் அலர்ஜி, ஹிஸ்டமினைத் தடுத்தால் அலர்ஜியைத் தடுத்தமாதிரி" என்ற கணக்கு எல்லோருக்கும் பிடித்துப்போனது. கணக்கு எளிமையாக இருந்ததால் யாரும் சரிபார்க்கவில்லை. 2007-ல் காக்ரேன் குழு ஒன்று அனாஃபிலாக்சிஸுக்கு ஆன்டிஹிஸ்டமின் கொடுத்துப் பார்த்த முறையான ஆய்வுகளைத் தேடியது. சேர்த்துக்கொள்ளும் தரத்தில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஒன்றுகூட! இத்தனை வருடம் இத்தனை கோடி ஆம்ப்யூல் உடைத்திருக்கிறோம்.

நேரக் கணக்கைப் பாருங்கள். பிரிட்டனில் அனாஃபிலாக்சிஸில் இறந்தவர்களின் ஆவணங்களை ஆராய்ந்து பம்ஃப்ரி என்பவர் 2000-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். இதயம் நிற்பதற்கு ஆன நேரத்தின் இடைநிலை அளவு: உணவு அலர்ஜி என்றால் 30 நிமிடம், பூச்சிக்கொட்டு என்றால் 15 நிமிடம், மருத்துவமனையில் நாமே ஏற்றும் மருந்து என்றால் 5 நிமிடம். இறந்தவர்களில் 62 சதவீதம் பேருக்கு அட்ரினலின் போடப்பட்டிருந்தது. ஆனால் இதயம் நிற்பதற்கு முன்பே போடப்பட்டது 14 சதவீதம் பேருக்குத்தான். பூச்சிக்கொட்டுக்கு 15 நிமிடம் என்பதை நான் படித்தபோது, அன்று நான் கேஸ் ஷீட் எழுதிக்கொண்டிருந்த நேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வேண்டாம், விடுங்கள்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் கணக்கு, நம்ம ஆளுங்க உடம்பு வேற" என்று சொல்வதற்கு ஒருவர் தயாராக இருப்பார். அவருக்காகப் பக்கத்து வீட்டுக் கணக்கு. இலங்கையில் பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து ஏற்றிய 1007 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 2011-ல் வெளியானது. அவர்கள் பயன்படுத்தும் விஷமுறிவு மருந்து இந்தியாவில் தயாராவதுதான், அதன் அலர்ஜி எவ்வளவு மோசம் என்று நமக்கும் தெரியும். அந்த ஆய்விலேயே நாலில் மூன்று பேருக்கு ஏதோ ஒரு எதிர்வினை வந்தது. முன்கூட்டியே குறைந்த அளவு அட்ரினலின், ப்ரோமெத்தசின் (இதுவும் ஆன்டிஹிஸ்டமின்), ஹைட்ரோகார்டிசோன் ஆகியவற்றைத் தனியாகவும் சேர்த்தும் கொடுத்துப் பார்த்தார்கள். அட்ரினலின் கடுமையான எதிர்வினைகளை முதல் ஒரு மணி நேரத்தில் 43 சதவீதம் குறைத்தது. ப்ரோமெத்தசின் குறைக்கவில்லை. ஹைட்ரோகார்டிசோனும் குறைக்கவில்லை. அதையும்விட, அட்ரினலினோடு ஹைட்ரோகார்டிசோன் சேர்த்தபோது அட்ரினலினின் பலனே காணாமல் போனது. பிரேசிலில் 1999-ல் வந்த சிறிய ஆய்விலும் இதே கதை: ப்ரோமெத்தசின் போட்டவர்களில் 24 சதவீதம், போடாதவர்களில் 25 சதவீதம் பேருக்கு எதிர்வினை. இத்தனைக்குப் பிறகும் நம் வார்டில் விஷமுறிவு மருந்துக்கு முன் அவிலும் எஃப்கார்லினும் போடாமல் டிரிப்ஸைத் திறந்தால் ஏதோ சாமி குத்தம் மாதிரி பார்க்கிறார்கள்.

பிரிட்டனின் புத்துயிர்ப்பு கவுன்சில் 2008 வழிகாட்டியில் க்ளோர்ஃபெனிரமினையும் ஹைட்ரோகார்டிசோனையும் வைத்திருந்தது. 2021-ல் இரண்டையும் முதல்கட்ட சிகிச்சையிலிருந்து தூக்கிவிட்டது. ஆபத்து நீங்கிய பிறகு தோலில் அரிப்பு மிச்சமிருந்தால் தூக்கம் தராத வகை ஆன்டிஹிஸ்டமின், அதுவும் வாய்வழியாகக் கொடுக்கலாம் என்கிறது. காரணம் வெறும் "பலன் இல்லை" என்பது மட்டுமில்லை. அந்த ஊசியை எடுத்து, உடைத்து, ஏற்றி, போட்டு, "பார்ப்போம்" என்று காத்திருக்கும் நேரம் அட்ரினலினுக்கான நேரம். என் கேஸில் அவில் அந்த மனிதருக்கு நேரடியாக ஒரு கெடுதலும் செய்யவில்லை. எனக்குச் செய்தது. ஏதோ செய்துவிட்டேன் என்ற நிம்மதியைக் கொடுத்தது.

இனி எதிர்க்கட்சி வாதம். "மச்சி, அட்ரினலின் டேஞ்சர்டா. நெஞ்சு படபடக்கும், அரித்மியா வரும், ஆள் போயிடும்." இந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் அது பிறந்த இடம் வேறு. இதயம் நின்றவருக்கு 1 மில்லிகிராம் நரம்பில் போடுவதைப் பார்த்துப் பழகிவிட்டு, அதே 1 மில்லிகிராமை நினைவோடு இருப்பவரின் நரம்பில் தள்ளினால் ஆபத்துதான், தள்ளி ஆள் மாட்டிக்கொண்ட கதைகளும் உண்டு. ஒன்றுக்கு ஆயிரம், ஒன்றுக்குப் பத்தாயிரம் என்று எழுதுகிற குழப்பமும் சேர்ந்துகொள்ளும். அமெரிக்காவில் 2016-ல் அந்த விகிதக் கணக்கையே லேபிளில் இருந்து எடுத்துவிட்டு மில்லிகிராம் மட்டும் போடச் சொன்னார்கள். நம் ஆம்ப்யூல் 1 மில்லியில் 1 மில்லிகிராம். பெரியவருக்கு அரை மில்லி, குழந்தைக்கு கிலோவுக்கு 0.01 மில்லி, தொடையின் முன்-வெளிப்பக்கத் தசையில். முன்னேற்றம் இல்லையென்றால் ஐந்து நிமிடத்தில் மறுபடி. இந்த அளவில், இந்த வழியில், கை நடுங்கும், படபடக்கும், முகம் வெளிறும். சில நிமிடத்தில் போய்விடும்.

"தொடைதான் வேண்டுமா, கையில் தோலுக்கடியில் போட்டால் என்ன?" குழந்தைகளை வைத்து 1998-ல் வந்த சைமன்ஸ் ஆய்வில், தொடைத் தசையில் போட்டால் ரத்தத்தில் உச்ச அளவு வர சராசரி 8 நிமிடம். தோலுக்கடியில் போட்டால் 34 நிமிடம். 15 நிமிடக் கணக்கை மேலே பார்த்தோம், நினைவிருக்கிறதா?

இதில் எனக்கு வெட்கமாக இருப்பது வேறொன்று. தடுப்பூசி போடப் போகும் கிராம சுகாதார செவிலியரின் பையில் அனாஃபிலாக்சிஸ் கிட் இருக்கிறது. அட்ரினலின் ஆம்ப்யூல், சிரிஞ்ச், வயதுக்கு எவ்வளவு என்ற அட்டை. டாக்டர் வரும்வரை காத்திருக்காமல் ஒரு டோஸ் தொடையில் போட அவருக்கு அனுமதி உண்டு, பயிற்சியும் உண்டு. மரத்தடியில் அங்கன்வாடி வாசலில் அவர் செய்யலாம் என்று அரசாங்கம் நம்புவதை, ஐந்தரை வருடம் படிக்கிற நாம் மானிட்டர், ஆக்சிஜன், டிஃபிப்ரிலேட்டர் எல்லாம் வைத்துக்கொண்டு பயந்து செய்யாமல் இருக்கிறோம்.

அவில் "சும்மா ஒரு சேஃப்டிக்கு" என்பார்கள். சேஃப்டியா? தோல் தடிப்புக்கு மட்டும் வந்தவருக்கு ஊசியைப் போட்டு, அரை மணி நேரத்தில் ஓ.பி. சீட்டைக் கையில் கொடுத்து அனுப்புகிறோம். அவர் எதில் வந்தார்? பைக்கில். எதில் போவார்? அதே பைக்கில், பின்னால் மனைவியும் பிள்ளையும். பழைய தலைமுறை ஆன்டிஹிஸ்டமின்கள் எல்லாமே மூளைக்குள் நுழைபவை. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தின் வாகன சிமுலேட்டரில் 40 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2000-ல் வந்தது. அவிலின் அதே தலைமுறையைச் சேர்ந்த டைஃபென்ஹைட்ரமின் 50 மில்லிகிராம் சாப்பிட்டவர்கள், ரத்தத்தில் 0.1 சதவீதம் ஆல்கஹால் இருந்தபோது ஓட்டியதைவிட மோசமாக ஓட்டினார்கள். நம் நாட்டுச் சட்டப்படி 0.03 சதவீதத்துக்கே டிராஃபிக் போலீஸ் பிடிப்பார், நாம் அதற்கு மூன்று மடங்குக்கு இணையானதை இலவசமாக ஏற்றி அனுப்புகிறோம். அந்த ஆய்வில் என்னைப் பயமுறுத்திய விஷயம், தூக்கம் வருகிறதா என்று அவர்களிடமே கேட்டது அவர்கள் எவ்வளவு மோசமாக ஓட்டுவார்கள் என்பதைச் சரியாகக் காட்டவில்லை என்பதுதான். "எனக்கு ஒண்ணும் தூக்கம் வரலையே டாக்டர்" என்பதற்கு மதிப்பே இல்லை. ஊசி போட்ட எத்தனை பேரிடம் "வண்டி ஓட்டாதீங்க, கூட வந்தவரை ஓட்டச் சொல்லுங்க" என்று சொல்லியிருப்போம்? நான் ஒருவரிடமும் சொன்னதில்லை.

வயதானவர்கள் கதை இன்னும் பாவம். இந்த மருந்துகளுக்கு ஹிஸ்டமினோடு நிற்கத் தெரியாது, அசிட்டைல்கோலினையும் தடுக்கும். புராஸ்டேட் வீங்கிய தாத்தாவுக்கு அவில் போட்டால் அரிப்பு நிற்கும், சிறுநீரும் நின்றுவிடும். ராத்திரி முழுக்க அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்துவார், காலையில் குழாய் போடுவோம். ஞாபகம் தடுமாறுகிற பாட்டிக்குப் போட்டால் இல்லாத ஆளோடு பேச ஆரம்பிப்பார், நாம் அதற்கு இன்னொரு ஊசி தேடுவோம். குழந்தைகளுக்கு இது சில சமயம் தலைகீழ்: தூங்க வேண்டிய பிள்ளை துள்ளிக் குதிக்கும், அளவு கூடினால் வலிப்பு. க்ளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குக் கீழே கொடுக்காதீர்கள் என்று நம் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2023 டிசம்பரில் சொன்னது. இதைத் தவிர, ஷாக்கில் இருப்பவருக்கு நரம்பில் வேகமாகத் தள்ளினால் ஏற்கனவே கீழே கிடக்கும் பி.பி. இன்னும் இறங்கலாம்.

ப்ரோமெத்தசின், அதாவது பினர்கன், இந்தக் குடும்பத்தின் முரட்டுப் பிள்ளை. டயானா லெவின் என்ற அமெரிக்க இசைக்கலைஞர் 2000-ல் ஒற்றைத் தலைவலிக்காக ஒரு கிளினிக்குக்குப் போனார். வாந்திக்குப் பினர்கனை நரம்பில் தள்ளினார்கள், மருந்து தமனிக்குள் போய்விட்டது. கை அழுகி, முதலில் மணிக்கட்டு, பிறகு முன்கை வரை வெட்ட வேண்டியதாயிற்று. கித்தார் வாசிக்கும் கை. வழக்கு உச்சநீதிமன்றம் வரை போய் 2009-ல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. அதே ஆண்டு அந்த மருந்தின் அட்டையில் கருப்புக் கட்ட எச்சரிக்கை ஏறியது. இரண்டு வயதுக்குக் கீழே மூச்சு நின்றுபோகும் என்ற எச்சரிக்கை அதற்கு முன்பே இருந்தது. இதை நம் வார்டில் "பினர்கன் ஐ.வி. போட்டுடுங்க, நல்லா தூங்குவார்" என்று சொல்வதை இந்த வாரம்கூடக் கேட்டேன்.

அதற்காக ஆன்டிஹிஸ்டமினைக் குப்பையில் போடச் சொல்கிறேனா? இல்லவே இல்லை. வெறும் அர்ட்டிகேரியாவுக்கு, மூச்சும் பி.பி.யும் வயிறும் சரியாக இருப்பவருக்கு, ஒரு செட்ரிசின் மாத்திரை அருமையான மருந்து. ஊசி வேண்டியதில்லை. (ஊசி போடாத டாக்டர் டாக்டரே இல்லை என்ற நம் ஜனங்களின் நம்பிக்கையை என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை.) இன்னொரு இடத்தில் இவர்கள் நிஜமாகவே ஹீரோ. வாந்திக்கு மெட்டோக்ளோப்ரமைடு போட்டுக்கொண்ட இளம்பெண் கழுத்து ஒரு பக்கம் திருகிக்கொண்டு, கண் மேலே செருகி, நாக்கு வெளியே தள்ளி வருவாள். வீட்டில் பேய் பிடித்துவிட்டது என்று வேப்பிலை அடித்துவிட்டுக் கொண்டுவருவார்கள். ப்ரோமெத்தசின் ஒரு ஊசி தசையில் போட்டால் அரை மணி நேரத்துக்குள் பேய் இறங்கிவிடும். அங்கே வேலை செய்வது மேலே நான் திட்டிய அதே அசிட்டைல்கோலின் தடுப்பு. ஆக்ரோஷமாக வரும் மனநோயாளிக்கு ஹாலோபெரிடாலோடு ப்ரோமெத்தசின் சேர்த்துப் போடுவதை நம்ம வேலூரிலேயே 200 பேரை வைத்துச் சோதித்து 2004-ல் வெளியிட்டிருக்கிறார்கள், லோராசெபாமைவிட வேகமாக அமைதிப்படுத்தியது. ஆக, சோதித்துப் பார்த்த இடத்தில் மருந்து, சோதிக்காத இடத்தில் சடங்கு.

என் பேட்ச் மக்களிடம் நான் கேட்பது பெரிய புரட்சி எதுவுமில்லை. அலர்ஜி என்று யாராவது வந்தால் தோலைப் பார்ப்பதற்கு முன் மூச்சைக் கேளுங்கள், குரல் மாறியிருக்கிறதா என்று பேச்சுக் கொடுங்கள், பி.பி. பாருங்கள். வாந்தியையும் வயிற்றுவலியையும் தலைசுற்றலையும் கணக்கில் எடுங்கள். இரண்டு இடத்தில் கோளாறு என்றால் யாரையும் கேட்காமல் தொடைக்குப் போங்கள். படுக்க வைத்தவரை எழுந்திருக்க விடாதீர்கள், எழுந்து உட்கார்ந்த சில நொடிகளில் செத்தவர்கள் பற்றி அதே பம்ஃப்ரி 2003-ல் எழுதியிருக்கிறார். எனக்கு அன்று நடந்தது அதிலிருந்து ஒரு மயிரிழை. சரியான பிறகும் உடனே வீட்டுக்கு அனுப்பாதீர்கள், சில மணி நேரம் கழித்து மறுபடி அடிக்கலாம். சீட்டில் எது கொட்டியது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று தமிழில் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுங்கள். எபிபென் மாதிரி தானே குத்திக்கொள்ளும் பேனா நம்மூர் மருந்துக்கடையில் சாதாரணமாகக் கிடைப்பதில்லை, அந்தச் சீட்டுதான் அவருக்கு அடுத்த முறை ஆயுதம்.

எங்கள் கேஷுவாலிட்டியில் அவில் டிரேயின் முன்வரிசையிலும் அட்ரினலின் பூட்டிய அவசர அலமாரிக்குள்ளும் இருந்தது. கை எது பக்கமோ அதற்குத்தானே போகும். ஒரு வாரமாக நச்சரித்து, ஒரு சின்ன டப்பாவில் இரண்டு அட்ரினலின் ஆம்ப்யூல், இரண்டு சிரிஞ்ச், அளவு எழுதிய துண்டுக் காகிதம் போட்டு டிரேயின் முன்னால் வைத்திருக்கிறோம். அவிலை அலமாரிக்குள் தள்ளலாம் என்று சொன்னேன், அதற்கு மட்டும் இன்னும் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. சண்டை நடந்துகொண்டிருக்கிறது.

பி.கு: கதண்டு கொட்டியவர் இரண்டு நாளில் வீட்டுக்குப் போனார். பத்து நாள் கழித்து "ஊசி போட்ட டாக்டர் தம்பி எங்கே?" என்று கேட்டுக்கொண்டு ஒரு சாக்கில் எட்டு தேங்காயோடு வந்து நின்றார். நான் போட்ட ஊசி எது என்று அவருக்குத் தெரியாது, சொல்லவும் எனக்குத் தைரியம் வரவில்லை. நாலை பி.ஜி. அண்ணாவுக்கும் நாலை அந்த சிஸ்டருக்கும் கொடுத்தேன். சிஸ்டர் எதற்கு என்று கேட்கவில்லை, சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.